பத்தாவது செக்‌ஷனுக்கு இடமில்லை

கம்ப்யூட்டர் வேலையில் தப்பு ஒரு இடத்தில் நடக்கும், எரிச்சல் வேறொருவர் உடம்பில் இருக்கும். ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் அது பவுனம்மாவின் கையில் இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் நாளெல்லாம் தோல் புரட்டுகிறவளுக்கு ரப்பர் கையுறை கொடுக்காமல் நிறுத்திவிட்டார்கள். அவள் ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதாம்.

ஸ்டோரில்

எம்.எஸ்ஸி. முடித்த சூட்டோடு கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்தேன். சண்டைக்குக் காரணம் தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பவுனம்மாவைக் கூட்டிக்கொண்டு நேரே ஸ்டோருக்குப் போனேன். அவள் விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. "பாய், இந்தக் கையைப் பாருங்க. இது ஆபீஸ் கையா?" என்றேன்.

ஸ்டோர் காதர் பாய் கையைப் பார்த்தார், யாருக்கு என்ன கொடுப்பதென்று கம்ப்யூட்டர் அச்சடித்த தாளையும் பார்த்தார். அவருக்கும் சங்கடம்தான். "நானும் தெனம் பாக்கறேம்மா. ஆனா இதுல ஆபீஸ்னுதானே கீது? தாள்ல இல்லாம குடுத்தா என் வேலை பேஜாராயிடும்."

ஃபைலைக் கேட்டேன்

என்னைப்போலத் திரையோடு மல்லுக்கட்டுகிறவர்களே, ஒரு ஃபைலுக்குத் தன் அளவு தெரியும். எந்தக் கட்டத்துக்கு என்ன பெயர், எத்தனை எழுத்து கொள்ளும் என்று நம் புரோகிராமுக்குள்ளிருந்தே கேட்டால் மறைக்காமல் சொல்லும். யாரும் கேட்டதில்லை. ஆட்கள் விவரம் இருக்கும் ஃபைலை நான் கேட்டேன். செக்‌ஷன் எண்ணுக்கு ஒரே ஒரு எழுத்து அகலம் என்றது.

முதலில் ஒன்பது செக்‌ஷன்தான் இருந்தன, ஓரெழுத்து போதும். பிறகு சுண்ணாம்புத் தொட்டியைத் தனியாகப் பிரித்துப் பத்தாவது ஆக்கினார்கள். பத்து என்று அடித்ததும் மிஷின் முதலில் வந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பூஜ்யத்தைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது. ஒன்றாம் எண் என்றால் ஆபீஸ். இதை அமைத்துக் கொடுத்த மெட்ராஸ்காரரிடம் போனில் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "அது தப்பு இல்லீங்க மேடம், அது லிமிட்."

நின்றுபோன நாள்

புரோகிராமில் நாலு வரி சேர்த்தேன். எதையும் எழுதும் முன் கட்டத்தின் அகலத்தை ஃபைலிடம் கேள். கொள்ளாவிட்டால் நில், காரணத்தைச் சொல். மறுநாள் காலை சுண்ணாம்புத் தொட்டிக்கு ஒரு புது ஆளைச் சேர்க்கும்போது அது நின்றது. கூடவே அதே புரோகிராமில் ஓடிய ஷாப் முழுக்க வருகைப் பதிவும் நின்றது.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். "கட்டத்தை அகலமாக்கணும் சார். அரை நாள் மிஷினை விடுங்க, முடிச்சிடறேன்" என்றேன். ஏற்றுமதி வேலை தலைக்குமேல் இருக்கிறதாம், அந்த வரிகளை எடுக்கச் சொன்னார். எடுத்தால் பொய்யாக ஓடும் என்றேன். மாட்டேன் என்றும் சொன்னேன். "ஏம்மா, இத்தினி நாளா ஓடிட்டிருந்துச்சு இல்ல? நீ கேள்வி கேக்க வெச்சதாலதானே நிக்குது?"

தொட்டியடியில்

வருகையை நோட்டில் எழுதிச் சமாளித்தார்கள்; ஷாப் லீவான ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் செய்தேன். கட்டத்தை ஈரெழுத்தாக்கி, தொட்டிக்காரர் எல்லோரையும் பத்துக்கு மாற்றி, புதுத் தாள் அச்சடித்தேன். திங்களன்று காதர் பாய் மறுபேச்சில்லாமல் கையுறையை எடுத்து வைத்தார். நானே கொண்டு ஓடினேன்.

பவுனம்மா தொட்டி ஓரம் நின்றிருந்தாள். இடது கையைக் கையுறைக்குள் விடப் பார்த்தாள். பாதியிலேயே முகம் சுருங்கியது, உருவிவிட்டாள். "இனிமே தப்பு வராதுக்கா. தொண்ணூத்தொம்போது செக்‌ஷன் வந்தாலும் தாங்கும்" என்றேன். கையுறையைப் பக்கத்தில் நின்ற புதுப் பெண்ணிடம் நீட்டிவிட்டு அவள் பதில் சொன்னாள்:

"புண்ணு மேல ரப்பர் போட்டா உள்ள வேவுதும்மா. மொதல்ல ஆறட்டும். அதுக்கு எத்தினி நாள் ஆவும்னு உன் மிஷினைக் கேட்டுச் சொல்லு."