கம்பெனி டாக்டரிடம் அப்பா சொன்ன பதில்

அப்பா நரைக்கு மை அடித்திருந்ததைத்தான் முதலில் கவனித்தேன்.

கப்பல் வேலையில் விழுந்து அப்பாவுக்கு முதுகு போனதற்கு நஷ்டஈடு கேட்கிறோம். குணமாகிவிட்டது என்கிறது கம்பெனி. அதைச் சோதிக்கத்தான் இன்று கேளம்பாக்கத்தில் கம்பெனி டாக்டர் பார்த்தார்.

"வலி இருக்கா?"

அப்பா விறைப்பாக நிமிர்ந்தார். "இல்ல சார். ஃபுல் ஃபிட்டு!"

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "இன்னாப்பா இப்டி சொல்லிட்ட?"

"ஒவ்வொரு தபா கப்பல் ஏறத்துக்கு முன்னாடியும் டாக்டராண்ட இதத்தாம்மா சொல்வேன். வலினு சொன்னா வேலை தரமாட்டான். பழக்கத்துல வந்துட்ச்சு."

திரும்பிப் போய் மாற்றிச் சொன்னால் நம்புவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்பா வாசலில் விட்டிருந்த ஷூவுக்குள் காலை நுழைத்துவிட்டு, குனிய முடியாமல் நின்றார். நான் உட்கார்ந்து லேஸைக் கட்டிவிட்டேன்.