தறிக்குழி இடுப்பும் நர்ஸிங் ஃபிட்னஸும்

1. டான்ஸ்

வார்டில் எனக்கு முதல் நாள் கொடுத்த வேலை, காலிக் கட்டில் ஒன்றுக்குப் படுக்கை போடுவது. அடியில் பெட்ஷீட், இடுப்பு வரும் இடத்தில் ரப்பர் ஷீட், அதை மூடிக் குறுக்கே டிரா ஷீட். மூலைகளைச் சுருக்கம் இல்லாமல் மடித்துச் செருகவேண்டும். துணி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. ஜோராக மடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து டியூட்டர் ஸ்டெல்லா மேடத்தின் குரல் கேட்டது.

“ஏம்மா குமுதா, பெட்டு போடச் சொன்னா இன்னா டான்ஸ் ஆடிகினு இருக்கே?”

குனிந்து பார்த்தேன். என் கால்கள் இரண்டும் தம் போக்கில் மாற்றி மாற்றித் தரையை மிதித்துக்கொண்டிருந்தன. இடுப்பு வலி ஆரம்பித்தால் என் கால்கள் அப்படித்தான் செய்யும். கூட இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆரணியில் பட்டுத்தறி போட்ட வீடு எங்களுடையது. குழித்தறி. தரையில் குழி, குழிக்குள் கால், காலுக்கு அடியில் மிதிகட்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பா எழுந்துகொள்வார், நான் உட்காருவேன். பிளஸ் டூ முடித்துவிட்டு நர்ஸிங் சீட்டுக்குக் காத்திருந்த காலத்தில் நாள் முழுக்க அதே வேலை. தறியில் கை ஓயாது, கால் ஓயாது, இடுப்பு மட்டும் முன்னால் வளைந்தபடி அப்படியே கிடக்கும். காலேஜ் போன பெண்களுக்குக் காதல் வந்த வயதில் எனக்கு இடுப்பு வலி வந்தது.

எதற்காக நர்ஸ் ஆக விரும்புகிறாய் என்று இன்டர்வியூவில் கேட்டபோது, சேவை மனப்பான்மை என்று சொன்னேன். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். உண்மையில் எனக்கு, உட்காராமல் நின்று நடமாடிச் செய்யும் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தது. நின்றால் அதைவிட அதிகமாக வலிக்கும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அது. யாரைக் கேட்டிருப்பேன்?

முதல் சில மாதங்கள் புரொபேஷன். அதன் முடிவில் வார்டு பிராக்டிகல், மறுநாள் மெடிக்கல் ஃபிட்னஸ். இரண்டிலும் தேறினால் தலையில் கேப் வைப்பார்கள், தொடர்ந்து படிக்கலாம். தேறாவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். எங்களுக்கு முந்தைய பேட்ச்சில் வீசிங் இருந்த ஒரு பெண்ணை அப்படி அனுப்பியிருந்தார்கள். நான் கிளம்பினால் நேரே தறிக்குழிக்குத்தான் போகவேண்டும்.

2. தேர்வில் முதல், வார்டில் கடைசி

ஹாஸ்டலில் என் ரூம்மேட் மங்கை. தெள்ளாரில் விவசாயக் குடும்பம். நெல் மூட்டை தூக்கி வளர்ந்தவள், எதற்கும் அசரமாட்டாள். என் வலி அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், தினமும் படுக்கும்போது அரை டப்பா தைலத்தை இடுப்பில் அப்பிக்கொண்டால்.

“உன் பக்கத்துல படுத்துகினு எனக்கு இருந்த மூக்கடைப்பே பூடுச்சி. இன்னும் கொஞ்சம் தடவு,” என்பாள்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பாரமான வேலை வந்தால் அவள் எனக்காகச் செய்வாள். படுக்கை மூலை மடிப்பது அவளுக்கு வரவே வராது, அதை நான் அவளுக்காகச் செய்வேன். இப்படியே ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு புரொபேஷனை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

இதில் வேடிக்கை, ‘பாடி மெக்கானிக்ஸ்’ என்ற பாடத்தில் வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கியவள் நான்தான். பாரம் தூக்கும்போது காலை அகட்டி வை, முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, உடம்பின் எடையை உபயோகி. படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதினேன். எழுதி முடித்து வார்டுக்குப் போனதும் காலை விறைப்பாக வைத்து, தறியில் குனிவதுபோல இடுப்பிலிருந்து குனிந்தேன். படித்தது தலையில் இருந்தது, இடுப்பு இன்னும் தறியில் இருந்தது.

வகுப்பு மூலையில் ஓர் எலும்புக்கூடு தொங்கும். என் வலி எந்த எலும்பில் என்று அதில் தேடி வைத்திருந்தேன். இடுப்பு முள்ளெலும்பு வரிசையில் எல்-ஃபோருக்கும் எல்-ஃபைவுக்கும் நடுவில். பெயர் தெரிந்துவிட்டதால் வலி குறையவில்லை.

3. கஸ்தூரி அத்தை

பிராக்டிகலுக்கு முன்னால் இரண்டு நாள் லீவு விட்டார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற நான் குனிந்த விதத்தைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

“இன்னாடி இது, கெழவி மாரி குனியறே? இரு, கஸ்தூரியக் கூட்டினு வரேன்.”

கஸ்தூரி அத்தை எங்கள் தெருக்கோடியில் இருந்தவர். பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவர். அப்படிப் பிறந்தவர்கள் இடுப்பில் மூன்று உதை விட்டால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தறிக்காரத் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் அவருக்குக் கிராக்கி எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடவேண்டும். உதை வாங்கியவர் நன்றி சொல்லக்கூடாது.

நான் மறுத்திருக்கவேண்டும். எல்-ஃபோர், எல்-ஃபைவ் என்று ஒப்பிக்கிறவள், ஆஸ்பத்திரியில் வேலை பழகுகிறவள். ஆனால் அம்மா பாயை விரித்ததும் குப்புறப் படுத்துவிட்டேன். வலி அப்படி. பிராக்டிகலை நினைத்து வந்த பயமும் அப்படி.

அத்தை ஒல்லியாக இருந்திருந்தால் கதையே வேறு. முதல் உதை பரவாயில்லை. இரண்டாவதில் மூச்சு நின்று வந்தது. மூன்றாவதில் கண்ணில் பூச்சி பறந்தது.

“பூடுச்சா?” என்றார் அத்தை.

“பூடுச்சித்தே,” என்றேன். நான்காவதுக்குப் பயந்துதான்.

மறுநாள் காலை என்னால் பாயிலிருந்து எழ முடியவில்லை. ஒருக்களித்துப் புரண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, மெதுவாக வாசலுக்கு வந்து நின்றேன். தெருவில் எதிர்வீட்டார் பாவு சுற்றிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கான நீளவாட்டு நூல்தான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, ஒரு முனையிலிருந்து உருளையில் சுற்றிக்கொண்டே வருவார்கள். மறுமுனையில் இருப்பவர்கள் நூல் தொய்யாமல் இழுத்துப் பிடித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரவேண்டும். தெருவில் பாவு இருக்கும்போது சும்மா நிற்பவர் யாராக இருந்தாலும் ஒரு கை கொடுக்கவேண்டும், மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் இல்லை.

“குமுதா, நின்னுகினு இருக்கியே, அந்தாண்ட புடி. ஜல்தி,” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

பிடித்தேன். குனிய முடியாததால் வேறு வழியில்லாமல் ஒரு காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்தேன். இப்படித்தான் சின்ன வயதிலிருந்து பாவு பிடித்திருக்கிறேன். வலிக்கவில்லை. மறுபடி இழுத்துப் பார்த்தேன், அப்போதும் வலிக்கவில்லை. இழுக்கிற வேலையை உடம்பின் எடை பார்த்துக்கொண்டது, இடுப்பு சும்மா இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் படம் போட்டு அம்புக்குறி போட்டு எழுதிய பதில் இதேதான்.

4. மில்காரர்

பிராக்டிகலில் மங்கைக்கும் எனக்கும் சேர்த்துக் கிடைத்த நோயாளி ஓர் அரிசி மில் முதலாளி. தொடை எலும்பு முறிந்து, காலில் மாவுக்கட்டு. ஆள் கட்டிலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் கால்மாட்டுப் பக்கமாகச் சரிந்திருந்தார், தலைமாட்டுக்கு நகர்த்தவேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் ஒல்லி ஒல்லியான நோயாளிகள்.

“நீ சும்மா தொட்டுகினு நில்லு, நான் அக்குள்ல கை குடுத்துத் தூக்கிடறேன்,” என்று மங்கை என் காதில் சொன்னாள்.

“தூக்காத. நான் சொல்றமாரி செய்,” என்றேன்.

அவர் அடியில் கிடந்த டிரா ஷீட்டை உருவி எடுத்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் வருமாறு அவரைப் புரட்டி விரித்தோம். இரண்டு ஓரத்தையும் அவர் உடம்பை ஒட்டும்வரை கெட்டியாகச் சுருட்டிப் பிடித்தோம். பாவு பிடிக்க நிற்பதுபோல, ஆளுக்கொரு பக்கம் ஒரு காலைத் தலைமாட்டுப் பக்கம் வைத்து, முழங்காலை மடக்கி நின்றோம்.

மில்காரருக்கு நம்பிக்கை இல்லை. “இன்னா மேடம் இது, சின்னப் பொண்ணுங்கள அனுப்பிகீறீங்க? ஆம்பளையாளக் கூப்பிடுங்க. கீழ போட்டுட்டா யாரு பதில் சொல்றது?”

“கட்டு இல்லாத கால மடக்கி ஊணிக்கங்க, தாத்தா,” என்றேன். பிறகு மங்கையைப் பார்த்து ஒன்று, இரண்டு சொல்லி, உடம்பைத் தலைமாட்டுப் பக்கம் சாய்த்தோம். அவர் வழுக்கிக்கொண்டு மேலே போய்த் தலையணையில் நின்றார்.

அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “எப்பம்மா தூக்கப் போறீங்க?” என்றார்.

“ஆயிடுச்சிங்க,” என்றாள் மங்கை.

ஸ்டெல்லா மேடம் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை ஆடவில்லை.

5. ஃபிட்னஸ்

மறுநாள் மெடிக்கல். வலி இருக்கிறதா என்று கேட்டால் கண்ணை நேராகப் பார்த்து இல்லை என்று சொல்லவேண்டும் என்று மங்கை எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தாள். எலும்பு டாக்டர் கேட்டார். கண்ணை நேராகப் பார்த்து, “இல்ல சார்,” என்றேன். சரி, திரும்பிப் படு என்றார். இடுப்பைப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது.

“இன்னாம்மா இது, குதிகால் மாரி கன்னிப் போயிருக்குது? வீட்ல யாருனா உதைச்சாங்களா? பயப்படாம சொல்லு.”

அம்மா அப்பா மேல் பழி வந்துவிடுமோ என்று பதறிப்போனேன். “உதைச்சாங்க சார். ஆனா அது வைத்தியம்.”

அதற்குப் பிறகு எதையும் மறைக்க முடியவில்லை. தறி, வலி, தைலம், கஸ்தூரி அத்தை எல்லாம் வந்துவிட்டன. டாக்டர் முதலில் சிரித்தார். சிரித்து முடித்ததும் பேனாவை மூடி வைத்தார்.

“தெரிஞ்சுகினே நான் எப்படிம்மா ஃபிட்டுன்னு எழுதறது? நாளைக்கு ஒரு பேஷன்டைத் தூக்கறப்ப உன் இடுப்பு வுட்டுப்போச்சுன்னா?”

என் பெட்டி கண்முன்னே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா மேடம், “சார், நீங்க ஒரு நிமிஷம் இந்த டேபிள்ல படுங்க,” என்றார்.

“நானா?”

“படுங்க சார். வெளியில மங்கைன்னு ஒரு பொண்ணு நிக்குது, அதையும் கூப்பிடறேன்.”

டாக்டரை ஷீட்டோடு பிடித்து மேலே நகர்த்தினோம், திரும்பக் கீழே நகர்த்தினோம். என் முகத்தில் வலி தெரிகிறதா என்று அவர் மல்லாந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். நகர்த்தி முடித்த பிறகும் எழவில்லை.

“எனக்கே ரொம்ப நாளா முதுகு பேஜார் பண்ணிகினு இருக்குது,” என்றார் ஸ்டெல்லா மேடத்திடம். “இந்த டேபிள் இவ்ளோ கெட்டின்னு இன்னிக்குத்தான் தெரியுது. பேஷன்ட்டுங்க ஒருத்தர்கூட சொல்லல, பாருங்க.”

எழுந்து பேனாவைத் திறந்து ‘ஃபிட்’ என்று எழுதினார். “தனியா யாரையும் தூக்கக்கூடாது. வலிச்சா மேடத்துகிட்ட சொல்லணும், மறைக்கக்கூடாது. உதைக்கற அம்மாகிட்ட போவவே கூடாது,” என்றார். நான் வராந்தாவுக்கு வந்து ஓவென்று அழுதேன். ஃபிட்னஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று வரிசையில் நின்றவர்கள் பயந்துபோனார்கள்.

6. வார்டு இன்சார்ஜாகச் சொல்வது

அன்றிலிருந்து இன்றுவரை நான் ஒரு நோயாளியையும் தனியாகத் தூக்கியதில்லை. புதிதாக வரும் பிள்ளைகள் ஆள் கூப்பிடக் கூச்சப்படுகிறார்கள். கூப்பிட்டால் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்வார்களாம். தங்கச்சிகளா, கூப்பிடுங்கள். உங்களுக்கு வலித்தால் அதையும் சொல்லுங்கள். தன் வலியை மறைத்துப் பழகிய நர்ஸுக்கு அடுத்தவர் வலியும் கண்ணில் படாது. எனக்குப் படவில்லை, அதுவும் என் வீட்டிலேயே.

கேப் வைத்த கையோடு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா தறியிலிருந்து எழும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் வைத்து, இரண்டு தவணையாக எழுந்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் அப்படித்தான் எழுகிறார். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

“வலிக்குதாப்பா?”

“லேசா,” என்றார்.

எங்கள் ஊரில் லேசா என்றால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். “எங்கெங்க வலிக்குது, சொல்லு,” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யாரு கேக்கறது, பொண்ணா, நர்ஸா?”

“நர்ஸுதான்.”

அப்பா மறுபடி தறி மேடையிலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த நூல்கூடையைத் தள்ளி எனக்கு இடம் பண்ணினார்.

“அப்டின்னா உக்காரு. நேரமாவும்.”