எழுபத்துமூன்றாவது மறுமொழி

மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. என் டைரியில் அன்று ஒரே வரி: “வழி இல்லை.”

யான் என்ற ஊரின் வட்டாரத்தில், ஜெராய் மலையடியிலுள்ள ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். என் மனைவி ராகேல் பிரசவத்தில் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தோட்டத்தில் டாக்டர் இல்லை. அவளை அடக்கம் செய்த அன்றே, டாக்டராவது என்று, அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த எங்கள் ஒரே மகள் எஸ்தர் தீர்மானித்தாள்.

அமெரிக்காவிலிருந்து இரண்டு கல்லூரிகள் பதில் எழுதியிருந்தன. ஒன்று உடனே இடம் தந்தது. ஆனால் அங்கே வைத்தியத்துக்குப் போகும் விஞ்ஞானப் படிப்பு இல்லை. மற்றதில் உண்டு. ஆனால் கடைசி நான்கு வருடமும் என்னென்ன பாடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பள்ளியின் ஒப்பத்தோடு அது கேட்டது. நம் சீனியர் கேம்பிரிட்ஜ் சான்றிதழில் தேர்ச்சி மட்டும்தானே இருக்கும்! பினாங்கில் அவள் தங்கிப் படித்த பள்ளியின் பழைய ஏடுகளோ வெள்ளத்தில் போய்விட்டன. சனிக்கிழமைத் தபாலில் இரண்டில் ஒன்றுக்கு எழுதியாக வேண்டும்.

“முதலாவதுக்கே எழுதுங்கோ அப்பா. தையலும் சமையலும் படிச்சிட்டு வாறன். ஆருக்கு என்ன நட்டம்?” என்றாள் எஸ்தர்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று மாலை முழங்காலில் நின்றேன். பாதியில் எழுந்து டைரியில் அந்த ஒரு வரியை எழுதினேன்.

வியாழன் விடியற்காலைப் பெரட்டு, வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு. பால்வெட்டுக்காரர்களின் பெயர்களைக் கூப்பிட்டுக் குறிப்பது என் வேலை. மலையிலிருந்து இறங்கிய பனியில் ஒரு முகமும் தெரியவில்லை; குரல்கள் மட்டும் வந்தன. எழுபத்திரண்டு பெயர்கள். கடைசிப் பெயரையும் கூப்பிட்டேன். என் வாய் நிற்கவில்லை.

“ராகேல்.”

“இருக்கிறன்.”

அமைதியான பெண் குரல். யாழ்ப்பாணத்துப் பேச்சு, எங்கள் வீட்டுப் பேச்சு. அந்த வரிசையில் அப்படிப் பேசுகிறவர் எவருமில்லை. வாளிகளின் சத்தம்கூட நின்றது.

கங்காணி முனியன் கிட்டே வந்தார். “ஐயா, நம்ம அம்மா பேரையா கூப்பிட்டீங்க?”

“ஆர் பதில் சொன்னது?”

“என்னைக் கேக்காதீங்கய்யா. எங்க எல்லாருக்கும்தான் கேட்டுச்சுலா.”

அவர் பனியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தேன். அடக்க நாளன்று ராகேலின் பெட்டியை நானே பூட்டிச் சீட்டு ஒட்டியிருந்தேன், பிறகு தொட்டதில்லை. திறந்தேன். சேலைகளுக்கடியில் அவளுடைய வேதாகமம். அதற்குள் எஸ்தரின் வகுப்பு நேர அட்டவணைகள். தவணைக்கு ஒன்றாக, நான்கு வருடத்துக்கும் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் தலைமையாசிரியையின் ஒப்பம். மகள் எந்த மணிக்கு எந்தப் பாடத்தில் இருப்பாள் என்று அறிந்து அந்த நேரத்தில் ஜெபிப்பதற்காக, பள்ளிக்கு எழுதிக் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஜெபித்த மணிகளுக்கெல்லாம் பக்கத்தில் பென்சில் புள்ளி.

சனிக்கிழமைத் தபாலில் அந்தப் பன்னிரண்டும் இரண்டாவது கல்லூரிக்குப் போயின. ஜூலை பத்தாம் தேதி, இடம் தந்திருக்கிறோம் என்று கடிதம் வந்தது. எஸ்தர் இப்போது அங்கே படிக்கிறாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இறந்தவர்கள் பேசுவதில்லை என்று நம்புகிறவன் நான். அன்று பேசியது யார் என்பதை ஆண்டவர் அறிவார். டைரியில் கேட்டதை மட்டும் எழுதினேன்: “ஏட்டில் எழுபத்திரண்டு பேர். மறுமொழி எழுபத்துமூன்று.”

துக்கத்தைப் பூட்டிச் சீட்டு ஒட்டுவதே ஒழுங்கு என்று இருந்தவன், இப்போது ராகேல் புள்ளி வைத்த அதே மணிகளில் ஜெபிக்கிறேன்.

சகோதரரே, சகோதரிகளே, வழி அடைபட்டிருந்தால் நீங்களும் கூப்பிடுங்கள். குரல் நடுங்கினாலும் கூப்பிடுங்கள். முகம் தெரியாத பனியிலும் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார்.