நர்சம்மா கையில் இருந்த பச்சை

பேரன் முழங்காலில் டிங்சர் தடவினேன். அந்த வாசனை வந்ததும், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் அறுபதுகளில் இருந்த அந்த ஓட்டுக்கட்டட ஆஸ்பத்திரி கண்முன் வந்தது: ஊசி கொதிக்கும் சத்தம், கடலை பிடுங்கிய மல்லாட்டைக் காட்டுப் புழுதியோடு பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், பாசிமணி விற்க வரும் குறத்திகளோடு தரையில் உட்கார்ந்து பேசும், தலைமுடி கருத்த வெள்ளைக்கார நர்சம்மா. எங்கள் பெண்கள் கையில் தேளும் கோலமும் பச்சை குத்தியிருக்கும். அவர் கையில் ஓர் எழுத்தும் சில எண்களும்தான்.

"எந்தக் குறத்திம்மா குத்துனா? இப்படிக் கோணிக்கினு கெடக்குது" என்று ஒருநாள் என் அம்மா கேட்டாள்.

"குத்துனது குறத்தி இல்ல. நான்தான் குறத்தி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

நம் குறவர்களைப் போல ஊர் ஊராகத் திரிந்த ரோமா என்கிற நாடோடி மக்களை ஜெர்மனியின் நாஜிகள் முகாம்களில் அடைத்து, கையில் அதே மாதிரி எழுத்தும் எண்ணும் குத்தி, கூட்டங்கூட்டமாகக் கொன்றதை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். ஆஸ்பத்திரியை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். வாசலில் அவர் படம் இருக்கிறது; கீழே 'ஜெர்மன் தேசத்து அன்னை' என்று எழுதியிருக்கிறது. கொன்றவர்களின் பெயரையே பட்டமாகச் சூட்டியிருக்கிறார்கள்! அவர் ரோமா இனத்தவர் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி வருஷக்கணக்கில் அலைகிறேன். நேற்றும் போய், 'நான்தான் குறத்தி' என்று நர்சம்மாவே சொன்னதைச் சொன்னேன். மண்டபக்காரர் முறைத்தார்.

"தெய்வம் மாதிரி இருந்தவங்கள போயி குறத்தின்றீங்களே, பெரியவங்க பேசற பேச்சா இது?"