இல்லாத பிரேக்

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பழகுகிறவர்கள் எங்கேயாவது மோதப் போனால் மிதிக்க, ஸ்கூல் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. முப்பது வருஷமாக அதை நம்பித்தான் உயிரோடு இருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து, "என் வாழ்க்கை வண்டியை ஆண்டவர் கையில கொடுத்துட்டேன்" என்று கண் கலங்கச் சாட்சி சொன்னார். திரும்பும்போது எங்கள் காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கைத் தெருவுக்குத் தெரு மிதித்தார். மிதித்து மிதித்து அந்தப் பக்கம் கால்மிதியில் ஓட்டையே விழுந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆண்டவர் ஓட்டினாலும் இப்படித்தான் மிதிப்பீங்களா?"

"பின்னே? அவர் என்ன, என்கிட்டயா ஓட்டக் கத்துக்கிட்டாரு?"

"உங்களைத் தெரிஞ்சுதான் ஆண்டவர் அந்த வண்டியில உங்க பக்கம் பிரேக்கே வைக்கலை!"