மெத்தை உறையில் ஒரு கால்சட்டை

அந்தோனியம்மாள் தைத்த எதையும் அதுவரை யாரும் உடுத்தியதில்லை. மூடுவதற்கும் விரிப்பதற்கும் தொங்கவிடுவதற்கும்தான் அவள் தைத்தாள். நோரிஸ் ரோட்டு மாடியில் புருஷனும் அவளும் குடியிருந்த ஒற்றை அறையில் கண் போன இடமெல்லாம் அவள் கைவேலைதான். தண்ணீர்க் கூஜாவுக்கு மணி கோத்த மூடி, நாற்காலி முதுகுக்கு மயில், ரேடியோவுக்கு ரோஜாப்பூ உறை. வெளிநாட்டுச் செய்தி கேட்காதபடி சீல் வைக்க வேண்டும் என்ற ஜப்பான்காரன் உத்தரவில் கொடுத்த ரேடியோ திரும்பி வரவேயில்லை. உறை மட்டும் ஒரு பிஸ்கட் டின்னை உள்ளே வைத்துக்கொண்டு அதே மேசையில் நின்றது. கொக்கி ஊசியால் பின்னிய வட்டவிரிப்புகள் ஒரு தகரப்பெட்டி நிறையக் கிடந்தன. ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோவிலில் பீடத்துணியின் ஓர லேஸ் அவள் பின்னியது என்பது பூசைக்கு வரும் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவளே சொல்லிவிடுவாள்.

"கூஜாவுக்குக்கூடச் சட்டை மாட்டிட்டே. எனக்கு ஒரு கோவணம் தைச்சுக் கொடுத்திருக்கியா?" என்று ஆம்ப்ரோஸ் கேட்பார்.

"அதுக்குத்தான் தையக்காரங்க இருக்காங்களே. மெஷினை ஓட்டுறதெல்லாம் பொழப்பு. இது கைவேலை."

மெஷினைப் பற்றி அவளுக்கு அப்படி ஒரு இளக்காரம். கையால் தைக்கிறவள் ஒவ்வொரு குத்தையும் பார்த்துக் குத்துகிறாள்; மெஷின் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது என்பாள். தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து, நுனியைச் சுண்டி ஒரு இழு இழுத்துப் பார்ப்பது அவள் பழக்கம். "என் தையல் இழுத்தா வராது" என்று அப்போது தவறாமல் சொல்லிக்கொள்வாள்.

ஜப்பான்காரன் வந்து மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. துணி இல்லை, நூல் இல்லை, ஊசி இல்லை. ஆம்ப்ரோஸ் ஒரு சாமான் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. அவருக்கு இருந்தது ஒரே கால்சட்டை. ஒட்டு மேல் ஒட்டுப் போட்டு, எது கால்சட்டை எது ஒட்டு என்று சொல்ல முடியாத நிலைக்கு அது வந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, புதிதாக வந்திருந்த ஜப்பானிய மேலதிகாரிக்கு முன்னால் அவர் குனிந்து வணங்கியபோது பின்பக்கத்து ஒட்டு பிரிந்துகொண்டது. திங்கட்கிழமை ஒழுங்கான கால்சட்டையோடு வா, இல்லாவிட்டால் கைப்பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்று உத்தரவாகிவிட்டது.

கைப்பட்டை என்றால் வேலையில் இருப்பவன் என்பதற்கான அடையாளம். அது இல்லாமல் தெருவில் திரிந்த ஆம்பிளைகளை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவிலிருந்து போன யாரும் திரும்பி வரவில்லை.

அந்தோனியம்மாள் பஃபலோ ரோட்டுத் தையற்காரர் ஜமால் முகம்மதுவிடம் ஓடினாள். அவர் கடை முழுவதும் பட்டாளத்துக் காக்கி மலையாகக் குவிந்திருந்தது.

"என் மெஷின் இப்ப என் கையில இல்லம்மா. வேற துணியை இதுல வெச்சேன்னு தெரிஞ்சா என் கையும் என் கையில இருக்காது," என்றார் அவர்.

அப்போதுதான் அவளுக்குக் கட்டிலுக்கடியில் கிடந்த மெஷின் ஞாபகம் வந்தது. எதிர்மாடிச் சட்டைக்காரம்மா, வெள்ளையும் கறுப்பும் கலந்த வம்சத்தவள், தன் கோவில் சனங்களோடு பஹாவ் காட்டில் விவசாயம் செய்யப் போனபோது இவளிடம் கொடுத்துவிட்டுப் போனது. மடியில் வைத்துத் தூக்கக்கூடிய சின்ன மெஷின். பக்கத்தில் ஒரு சக்கரம், அதில் கையால் சுற்றும் பிடி. வாங்கி வைத்தாளே தவிர அந்தோனியம்மாள் அதைத் தொட்டதில்லை.

துணிக்கு மெத்தை உறையைக் கழற்றினாள். நீலக்கோடு போட்ட கெட்டித் துணி. இலவம்பஞ்சைச் சாக்கில் அடைத்தாள். அளவுக்குப் பழைய கால்சட்டையைத் தையல் தையலாகப் பிரித்துத் துணிமேல் பரப்பி வெட்டினாள். அது முடிந்த பிறகுதான் கைலியில் உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸுக்கு விஷயம் உறைத்தது.

"பழசையும் பிரிச்சிட்டியா? இது அமையலேன்னா நான் எதைப் போட்டுட்டுப் போறது?"

"அமையும். வாயைக் கழுவுங்க."

முதலில் கையால்தான் தொடங்கினாள். கெட்டித் துணிக்கென்று வைத்திருந்த கடைசி ஊசி, தொடைக்கு வருமுன்பே இரண்டாக முறிந்தது. மீதியெல்லாம் பூவேலை ஊசிகள். மெத்தைத் துணியில் மண்புழு மாதிரி வளைந்தன. வேறு வழியில்லாமல் மெஷினை மேசைமேல் ஏற்றினாள். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ஜரீனாவைக் கூப்பிட்டாள். ஜரீனா தன் அண்ணன் வீட்டு மெஷினில் பாவாடை தைத்துப் பழகியவள்.

ஜரீனா மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தட்டைத் தூக்கிக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"கீழ் நூல் எங்கக்கா?"

"கீழ் நூல்னா?"

"மேல ஒரு நூல், கீழ ஒரு நூல். ரெண்டும் பிடிச்சாத்தானே தையல்? கீழ ஒரு சின்ன உருண்டை இருக்கணும்லா. அதுல நூல் சுத்தியிருக்கும்."

அந்த உருண்டையைத் தேடினார்கள். கட்டிலை நகர்த்தினார்கள். மெஷின் வந்த பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார்கள். ஆம்ப்ரோஸ் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தரையில் தவழ்ந்தார். ஒரு கரப்பான்பூச்சி கிடைத்தது. உருண்டை கிடைக்கவில்லை.

"பொம்பளை மறந்து பஹாவுக்கு எடுத்துட்டுப் போயிட்டா," என்று அந்தோனியம்மாள் தலையில் கைவைத்தாள்.

மெஷினில் ஏற்கெனவே கோத்தபடி மிச்சமிருந்த கொஞ்சம் நூலோடு, ஜரீனா சும்மா ஒரு கந்தைத் துணியை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினாள். மெஷின் கடகடவென்று ஓடியது. துணியை எடுத்துப் பார்த்தால் மேலே நேர்க்கோடாக அழகான தையல்.

"ஒத்த நூல்லயே தைக்குதே!"

"சட்டைக்காரங்க சாமான் இல்லியா, அப்படித்தான் இருக்கும்," என்று அந்தோனியம்மாள் சட்டென்று அதற்கு உரிமைக்காரியாகிவிட்டாள்.

கடையில் கிடைத்த நூல் அன்னாசி நாரில் திரித்தது. மெஷினில் கோத்ததும் நான்கு சுற்றுக்கு ஒரு முறை அறுந்தது. கோப்பாள், சுற்றுவாள், அறும். எச்சில் தொட்டு முறுக்கிக் கோப்பாள், மறுபடியும் அறும். மெழுகுவர்த்தியில் தேய்த்துப் பார்த்தாள். ஊசிக் கண்ணில் மெழுகு அடைத்துக்கொண்டது. மெஷினில் இருந்ததும் ஒரே ஊசி. அது முறிந்துவிடக் கூடாதே என்று குண்டூசியால் மெல்ல மெல்ல நோண்டினாள்.

"இதுக்குக் கையாலேயே..." என்று ஆம்ப்ரோஸ் ஆரம்பித்தார்.

"எந்தக் கையால? ஊசிக்கு எங்க போறது? உங்க விரலைச் சீவித் தைக்கவா?"

நல்ல பருத்தி நூல் வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அவள் தகரப்பெட்டியைத் திறந்தாள். சண்டைக்கு முன்னால் வாங்கிய நூலில் பின்னிய வட்டவிரிப்புகள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். கடைசியில் ஓரம் கோணலாகப் போன ஒன்றை எடுத்து, முடிச்சை அவிழ்த்து நுனியை இழுத்தாள். வளையம் வளையமாகப் பிரிந்து நூல் சுருண்டு சுருண்டு வந்தது. ஜரீனா அதை ஒரு மூங்கில் குச்சியில் சுற்றினாள். ஆம்ப்ரோஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தார்.

அந்த நூலுக்கு மெஷின் வழிக்கு வந்துவிட்டது. ஒரு கால் மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டம். தையலைப் பார்த்தபோது, கையால் தைத்தால் தனக்கே இவ்வளவு நேராக வராது என்பதை அந்தோனியம்மாள் ஒப்புக்கொண்டாள், வாயால் அல்ல. நூலைப் பல்லால் கடித்தாள். நுனியைச் சுண்டி ஒரு இழு இழுத்தாள்.

சர்ரென்று ஒரு சத்தம். பாதத்திலிருந்து இடுப்புவரை கால்சட்டைக் கால் வாய் பிளந்தது. நூல் முழுசாக அவள் கையில் தொங்கியது.



"உன் தையல் இழுத்தா வராதே," என்றார் ஆம்ப்ரோஸ்.

"நான் தைக்கல, இந்தப் பிசாசு தைச்சுது!"

மறுபடியும் தைத்தாள், இன்னும் மெதுவாக. மறுபடியும் கடித்தாள், இழுத்தாள், சர். மூன்றாம் தடவை நூலை இறுக்கும் திருகைத் திருகிவிட்டுத் தைத்தாள். அதுவும் சர். மெஷினை ஜன்னல் வழியாக வீசப் போகிறேன் என்றாள். கீழே ஆட்கள் நடக்கிறார்கள் என்றாள் ஜரீனா.

"கீழ் நூல் இல்லாம எப்படிக்கா நிக்கும்? நான் அப்பவே சொன்னேன்."

"சொன்னே, சொன்னே. நீ சொன்னதைச் சட்டையா போட்டுட்டு ஆபீஸ் போக முடியுமா?"

ஞாயிறு காலைப் பூசையில் அவள் மனம் சாமியிடம் நிற்கவில்லை. பீடத்துணியின் லேஸைப் பார்த்தபோதுகூட வழக்கமான பெருமை வரவில்லை. திங்கட்கிழமை ஆம்ப்ரோஸ் கைலியோடு போய் நின்றால் என்ன ஆகும் என்பதே நினைப்பாக இருந்தது. லாரியின் பின்பலகை மூடும் சத்தம் அவளுக்குத் தெரியும்; போன மாசம்தான் ஜன்னலில் நின்று கேட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நூல் போதாமல் இன்னொரு வட்டவிரிப்பை எடுத்தாள். இது நல்லது, பன்னிரண்டு இதழ் போட்டது. முடிச்சை அவிழ்த்து நுனியை இழுத்தாள். வளையம், வளையம், வளையம். அவள் கை நின்றது. எழுந்துபோய்க் கந்தைத் துணியில் மிச்சமிருந்த மெஷின் தையலைத் திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்தாள். ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டிய சங்கிலி. அவள் ஆயுசு முழுக்கக் கொக்கியால் பின்னிய அதே சங்கிலி.

"இது தையலே இல்ல," என்றாள். "மெஷின் பின்னுது! அடியில ஒரு கொக்கியை வெச்சுக்கிட்டுப் பின்னிக்கிட்டு இருக்கு, தரித்திரம்!"

"அதனால என்ன?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"பின்னலோட கடைசி வளையத்துல நுனியை விட்டு இறுக்காம எவளாவது விடுவாளா? ஏழு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"உனக்கு நேத்துத் தெரியலையே."

 அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம். ஒரு முழு நாளாகத் தன் கையாலேயே முடிச்சில்லாத பின்னலின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வேறொருத்தி செய்திருந்தால் கோவில் வாசலில் சொல்லிச் சிரித்திருப்பாள்.

பிறகு வேலை ஓடியது. ஒவ்வொரு தையல் முடிவிலும் கடைசி வளையத்தைக் கொக்கி ஊசியால் பிடித்து, நுனியை உள்ளே விட்டு இறுக்கினாள். பின்பக்கத்துத் தையலை மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று ஓட்டம் ஓட்டினாள். சாயங்காலம் ஆம்ப்ரோஸ் கால்சட்டையை மாட்டிக்கொண்டு அறை நடுவில் நின்றார். நீலக்கோடுகள் ஒரு காலில் நேராகவும் மறுகாலில் சற்றுச் சாய்ந்தும் இறங்கின.

"குனிங்க."

குனிந்தார்.

"இப்படியா குனிவீங்க, பாலத்துல காவலுக்கு நிக்கிற சென்ட்ரிகிட்ட? நல்லாக் குனிங்க."

"அண்ணே, இன்னும் கொஞ்சம்!" என்றது பலகைக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

"நீ எதுக்கு ஓட்டை வழியாப் பார்க்கறே?"

"பார்க்கலண்ணே. சத்தம் வருதான்னு கேக்கறேன்."

தையல் நின்றது. ஆனால் ஆம்ப்ரோஸ் பின்னால் கைவைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிட உட்காரும்போதும் பாதி உட்கார்ந்து, காதைத் தீட்டி, பிறகுதான் மீதி உட்கார்ந்தார். மரவள்ளிக்கிழங்கைப் பரிமாறிய அந்தோனியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை காலை ரேஷன் வரிசைக்குப் போகிற சாக்கில் கூடையை எடுத்துக்கொண்டு அவரோடு இறங்கினாள். சிராங்கூன் ரோடு தாண்டி ரோச்சோர் கால்வாய்ப் பாலத்தில் ஜப்பானியச் சென்ட்ரி நின்றான். அவனைக் கடக்கிற எவரும் நின்று இடுப்பை வளைத்து வணங்க வேண்டும். முதலில் ஆம்ப்ரோஸ் போனார். நாலைந்து பேருக்குப் பின்னால் அவள் நின்றாள்.

ஆம்ப்ரோஸ் சென்ட்ரிக்கு முன்னால் போய் நின்றார். குனிந்தார். அதைக் குனிவது என்று சொல்ல முடியாது. தலை மட்டும் இறங்கியது. இடுப்பு விறைப்பாக நின்றது. இடது கை மெல்லப் பின்பக்கம் போய்த் தையலைப் பொத்தியது.

குனிங்க, பாவி மனுஷா, குனிங்க என்று அவள் வாய்க்குள் கத்தினாள்.

"கோரா!" என்று சென்ட்ரி ஜப்பானிய மொழியில் அதட்டினான். ஆம்ப்ரோஸ் நிமிர்வதற்குள் அறை விழுந்தது. தொப்பி தெறித்துப் பாலத்துச் சுவரோரம் போய்க் கிடந்தது. சென்ட்ரி துப்பாக்கிக் கட்டையால் தரையைத் தட்டிக் காட்டினான். அவர் கைப்பட்டையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அவள் கூடையின் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அவன் கைப்பட்டையை விட்டுவிட்டு, மறுபடியும் தரையைத் தட்டினான்.

இந்தத் தடவை ஆம்ப்ரோஸ் குனிந்தார். நெற்றி முழங்காலுக்கு வந்தது. நீலக்கோடுகள் பின்பக்கத்தில் இறுகி விரிந்து நின்றன. சென்ட்ரி அவரை அப்படியே நிற்கவிட்டுப் பின்னால் வந்தவர்களை ஒவ்வொருவராக அனுப்பினான். தன் முறை வந்து குனிந்தபோதும் அந்தோனியம்மாளின் கண் அந்தத் தையலைவிட்டு அசையவில்லை. ஒரு வளையம்கூட விடவில்லை. கடைசியில் சென்ட்ரி கையை ஆட்டினான். ஆம்ப்ரோஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு கிடங்கை நோக்கி நடந்தார். அவள் ரேஷன் வரிசைக்குப் போனாள். 

சாயங்காலம் கைப்பட்டையோடு வீடு வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அவள் துணியை நனைத்துக் கன்னத்தில் வைத்தாள், கொஞ்சம் அழுத்தியே.

"ஐயோ, மெதுவா."

"மூணு ஓட்டம் ஓட்டியிருக்கேன். அதை நம்பாம, நடுப்பாலத்துல பின்னால கையை வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க. அவன் அறைஞ்சது தப்பேயில்ல."

"வெள்ளிக்கிழமை ஒருத்தன் முன்னால பிரிஞ்சுதே, அது யாருக்கு? உனக்கா?"

"அது பழசு. இது நான் தைச்சது."

"அதனாலதான் பயந்தேன்," என்றார் ஆம்ப்ரோஸ்.

பலகைக்கு அந்தப் பக்கம் ஜரீனா சிரித்தாள். அந்தோனியம்மாள் ஈரத்துணியை அவர் கையில் திணித்துவிட்டு எழுந்தாள்.

"ஆபீசர் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. மேலயும் கீழயும் பார்த்தான், போயிட்டான்." கொஞ்சம் தயங்கிக் கால்சட்டையின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டினார். "ஆனா சிலுவார்ல பாக்கெட்டே வைக்கலையே நீ. நாள் பூரா கைக்குட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டே எழுதினேன்."

அவள் மேசையைப் பார்த்தாள். மெஷின் அங்கேதான் இருந்தது. வெட்டியதுபோக மெத்தைத் துணியில் ஒரு முழம் மிச்சம்.

"கழட்டுங்க அதை," என்றாள்.