அவசரத்தில் மறைத்த நான்காவது படுக்கை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இத்தாலியின் பலெர்மோ நகரத்து அல்பெர்கேரியா பகுதியில், இரண்டு அறை வீடொன்றில் இலங்கையிலிருந்து வந்த நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்திருந்தோம். எல்லோருமே வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். அந்த அளவு வீட்டில் நான்கு பேருக்கு மேல் வசிப்பதாகப் பதிய முடியாது என்று நகரசபையில் சொல்லிவிட்டார்கள்.

நானும் இன்னும் இருவரும் ஏற்கெனவே பதிந்திருந்தோம்; நான்காவது ஆளாகப் பதிய எங்களில் ஒருவரான மன்னார் அக்கா விண்ணப்பித்திருந்தார். அது கிடைத்தால்தான் ஊரிலிருந்த மகளைக் கூப்பிடலாம். அவர் உண்மையிலேயே அங்கே வசிக்கிறாரா என்று பார்க்க அதிகாரி ஒருவர் வருவார். எந்த நாள் என்று தெரியாது.

எனக்குப் பின்னேர வேலை. அதனால் பகலில் வீட்டைக் காப்பது என் பொறுப்பு.

"மிச்ச மூண்டு பேற்றை ஒரு செருப்பும் கண்ணிலை படக்கூடாது, விளங்குதோ?" என்று அக்கா தினமும் சொல்லிவிட்டுப் போவார்.

ஒருநாள் காலை, அதிகாரி கீழ்வீட்டு வாசலில் விசாரிப்பதைப் பல்கனியிலிருந்து கண்டேன். பதிந்த மூவரின் படுக்கைகளை விட்டு, அகப்பட்ட மெத்தை, பெட்டி, உடுப்பு எல்லாவற்றையும் மொட்டைமாடிக்கு ஏற்றினேன்.

அதிகாரி அறைகளைப் பார்த்தார். மூன்று படுக்கைகள்தான் இருந்தன. "இந்தப் பெண் எங்கே படுக்கிறாள்?" என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது, அக்காவின் சாமான்களையும் மேலே ஏற்றிவிட்டேன். எனக்குத் தெரிந்த கொஞ்ச இத்தாலியனில் "வேலைக்குப் போயிருக்கிறாள்" என்று மட்டும் சொன்னேன். அவர் தாளில் எழுதத் தொடங்கினார்.

அந்த நேரம் கீழ்வீட்டு இத்தாலிய அம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுபவர், மூச்சு வாங்க ஏறி வந்தார். நாங்கள் சத்தமாக நடந்தாலே கீழிருந்து துடைப்பக் கட்டையால் இடிப்பவர். எங்களைக் காட்டிக்கொடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

அவர் அதிகாரியின் தாளிலிருந்த பெயரைக் கேட்டுவிட்டு, "அவளா? தினமும் வேலைக்குப் போகும்போது என் குப்பையைக் கீழே கொண்டுபோகிறவள். இங்கேதான் இருக்கிறாள்" என்றார்.

"மொத்தம் எத்தனை பேர்?"

"இந்த முழங்கால் வலியோடு நான் தினமும் மாடி ஏறி ஆள் எண்ணவா?"

அதிகாரி சிரித்துவிட்டார். எழுதியதை வெட்டி, வேறு எழுதிக்கொண்டு போனார்.

இரவில் விஷயம் கேட்ட அக்கா தலையில் கை வைத்தார். "அடியே, நீ என்னையும் சேர்த்தெல்லோ துடைச்சுப் போட்டாய்!" பிறகு சிரிப்பும் அழுகையுமாக என்னைக் கட்டிப்பிடித்தார்.

ஒரு வருடமாக அந்த சிஞ்ஞோராவின் கதவைத் தலை குனிந்தபடி கடந்து போனவள் நான். கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும், பக்கத்து வீட்டாருக்கு என் முகத்தைக் காட்டிய பிறகுதான் பெட்டியைத் திறக்கிறேன்.